‘ம்’ கொட்டும் ஆயா

வெள்ளிமலையைத் தாண்டி, மழைக்கு நான் ஒதுங்கிய ஒரு வீட்டுத் திண்ணை. ஓரத்தில் கடுக்காய் மூட்டை சாய்ந்திருக்கிறது. ஆயா முறத்தில் சாமையைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பேரன் மூன்றாம் வகுப்பு. உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறான். அப்பாவும் அம்மாவும் கேரளத்தில் மிளகு பறிக்கிறார்கள். வாரக் கடைசியில் இந்தத் திண்ணையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அவன் மடியில் ஒரு மெல்லிய புத்தகம். பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகம் அது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். இவனுடையது ‘நட’. பக்கம் நிறையப் படம், அடியில் ஓரிரு வரி.

படிக்கத் தொடங்குகிறான். விரல் முன்னே போகிறது, குரல் பின்னே வருகிறது. ‘கொக்கு’ என்ற சொல்லில் நிற்கிறான். ஒற்றைக்கொம்பும் க-வும் கண்ணில் பட்டதும் வாய் ‘கெ’ என்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு கால் நிற்பதைப் பிறகுதான் பார்க்கிறான். ‘கெ’யை விழுங்கி, ‘கொ’ என்று திருத்தி, ‘க்கு’வைச் சேர்க்கிறான். ஒரு எழுத்தின் முன்பாதியைப் பார்த்துச் சொன்னதைப் பின்பாதியைப் பார்த்து மாற்ற வேண்டிய வேலையை அந்த எட்டு வயதுக் கண் சலிக்காமல் செய்கிறது. தமிழ் படிக்கிற நாமெல்லோரும் ஒரு காலத்தில் இதைச் செய்துதான் வந்தோம். யாருக்கும் நினைவில்லை.

‘வந்துகொண்டிருந்தது’ வருகிறது. வந்து என்கிறான். கொண் என்கிறான். டிருந் என்று முடிப்பதற்குள் முதலில் சொன்னது போய்விட்டது. மறுபடி வந்துவிலிருந்து. இரண்டாம் முறையில் முழுச்சொல்லும் ஒரே மூச்சில் வெளியே வருகிறது. நிமிர்ந்து ஆயாவைப் பார்க்கிறான்.

“ம்” என்கிறாள் ஆயா.

இந்த ‘ம்’முக்காகத்தான் அவன் ஒவ்வொரு வரி முடிவிலும் காத்திருக்கிறான். அவள் கதை சொல்லும் இரவுகளில் ‘ம்’ கொட்டுவது அவன் வேலையாக இருந்திருக்க வேண்டும். இப்போது மாறியிருக்கிறது. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. அவன் சொல்வது சரியா தப்பா என்று திருத்த அவளால் முடியாது. ஆனால் கதை எங்கே அறுபடுகிறது என்று தெரியும். ஒரு வரியை அவன் தவறவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதும், “இருடா சாமி, கொக்கு எப்படா குளத்துக்குப் போச்சு?” என்று கேட்கிறாள். அவன் பின்னால் புரட்டி, விட்ட வரியைக் கண்டுபிடிக்கிறான். எந்தப் பயிற்சியும் பெறாத நல்ல ஆசிரியை.

மழை நிற்கவில்லை, புத்தகம் முடிந்துவிட்டது.

மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறான். இந்த முறை வேகம். விரல் ஒரு சொல்லில் இருக்கும்போதே குரல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. மூன்றாம் முறை பக்கத்தைப் பார்க்கவேயில்லை. பாடமாகிவிட்டது. ஆயாவின் ‘ம்’மும் மெலிந்துவிட்டது, அவள் கவனம் சாமைக்குத் திரும்பிவிட்டது. பையன் பின்னட்டைக்கு வருகிறான். அதில் அச்சாகியிருப்பதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அதுவும் தீர்ந்ததும் கடுக்காய் மூட்டையின் சாக்கில் அச்சடித்த உரக் கம்பெனிப் பெயர். படிக்கும் பசி வந்துவிட்ட பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பான். கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி மழைக்குத் தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வருகிறாள். ஏழாவதோ எட்டாவதோ இருக்கும். அவள் கக்கத்தில் ஒரு கதைப் புத்தகம். தடிமனானது. பையன் வாங்கித் திறக்கிறான். பொடி எழுத்து, பக்கம் முழுக்க வரிகள், படம் எங்கோ ஒன்று. இரண்டு வரி முயன்றுவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறான்.

அக்காவின் வயதுக்கு நம்மிடம் நல்ல நாவல்கள் வந்துகொண்டிருக்கின்றன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020க்கும், உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023க்கும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றன. மழலைகளுக்குப் படப் புத்தகங்களும் இருக்கின்றன. 2015இல் வந்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், எழுத்துக் கூட்டுவதைத் தாண்டிவிட்டு இன்னும் ஓடத் தொடங்காத இந்தப் பையனுக்கான புத்தகம்தான் அரிது. சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு உட்காரலில் முடிய வேண்டும், ஆனால் புத்தகம் முடியக்கூடாது. ஆர்னால்ட் லோபல் 1970இல் ஒரு தவளையையும் அதன் தேரை நண்பனையும் வைத்து அப்படி ஒன்று எழுதிப் படமும் வரைந்தார். 64 பக்கம், ஐந்து கதை, அதே இரண்டு பேர். முதல் கதையில் பெயர்களோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு இரண்டாம் கதையில் அந்தப் பெயர்கள் பழகியிருக்கும். மிச்சமாகிற பலம் புதுச் சொற்களுக்குப் போகும். அத்தியாயக் கதையின் பயன் இதுதான். பழகியவர்கள் திரும்பி வருவதால் படிப்பு நீள்கிறது, நீள்வதால் சரளமாகிறது.

தமிழுக்கு இதைச் செய்கிறவர் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘வந்துகொண்டிருந்தது’ இருக்கட்டும், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும். ‘வந்தது’ என்றாலும் கொக்கு வந்துவிடும். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே காற்றோட்டமாக இருக்க வேண்டும். கதையில் கடுக்காய் பொறுக்கப் போகிற பிள்ளை வரலாம், கச்சிராயபாளையத்திலிருந்து வளைவு வளைவாக ஏறிவரும் பேருந்து வரலாம், கோமுகி அணை வரலாம். இந்த மலையில் வளர்ந்து ஆசிரியராகிவிட்ட யாராவது எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். எனக்கு இதில் பெரிய ஆசை.

மழை தூறலாகிவிட்டது. பையன் ‘நட’ புத்தகத்தைப் பைக்குள் வைக்கிறான். ஆயா முறத்தைத் தட்டிவிட்டு எழுகிறாள்.

“திங்கக்கிழம போனா பெருசா ஒன்னு கேட்டு எடுத்தாடா. ஒரு வாரத்துக்கு வர்ற மாதிரி.”

“அந்த மாதிரி இல்ல ஆயா. எல்லாமே இத்தினிதான் இருக்கு.”

“டீச்சர்கிட்ட சொல்லு. ஆயா கேட்டுச்சுன்னு சொல்லு.”