நெறிக்கட்டும் நித்தியகல்யாணியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்)

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் பெரியப்பாவின் கழுத்தில் நெறி கட்டியது. புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடையில் மூட்டை தூக்குபவர் அவர். சுமை அழுத்தி வந்ததென்று பற்றுப் போட்டோம். வலி இல்லை, கட்டியும் கரையவில்லை. இரவில் வேர்த்தது, உடம்பு இளைத்தது. திருநெல்வேலியில் டாக்டர், கட்டியை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். "கத்தி பட்டால் பரவிரும்" என்று பெரியம்மா அழுதாள். நான்கு மாதம் வீணாயிற்று. பி.எஸ்சி. சேர்ந்திருந்த நானும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் சோதித்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றுநோய். 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்தபோது கொடுக்க மருந்தில்லை. இன்று பெரும்பாலோர் குணமடைகிறார்கள். நிணநீர்ப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. எந்த வகையென்று தெரிந்தால்தான் மருந்தை முடிவு செய்யலாம். நாங்கள் பயந்த கத்தி அதற்குத்தான்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார்கள். நான்கு மருந்துகள். மூன்றாவது பெயரில் கண் நின்றுவிட்டது. வின்பிளாஸ்டின்! நாம் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் நித்தியகல்யாணியின் சரக்கு அது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் கஷாயம் என்று அதன் இலைகள் 1952-இல் கனடாவுக்குப் போயின. ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. வேறொருவராயின் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். அவரோ சார்ல்ஸ் பீருடன் சேர்ந்து சரக்கைப் பிரித்து 1958-இல் வெளியிட்டார்.

வெங்காய வேர்நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தோமே, நண்பர்களே! செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகளை உருவாகவிடாமல் தடுப்பதே இம்மருந்தின் வேலை. படம் வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு நான் மறந்திருந்த இழைகள்!

2023-இல் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 நம் நாட்டில் அனுமதி பெற்றது. நோயாளியின் டி-செல்களையே எடுத்து, மாற்றியமைத்து, திரும்பச் செலுத்துகிறார்கள். அது பி-செல் வகை நோய்களுக்கு. பெரியப்பாவுக்குப் பழைய நான்கு மருந்துகளே கேட்டன.

பதினைந்து நாளைக்கு ஒருமுறையாகப் பன்னிரண்டு தடவை பஸ் ஏறினோம். இடையில் ஒருநாள் பெரியம்மா நித்தியகல்யாணி இலையைச் சட்டி நிறையக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எல்லாம் நான் அளந்த கதையால் வந்த வினை! பச்சையாகக் குடித்தால் அது விஷம். பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்து, அளந்து ஏற்றுவதே மருந்து. இம்முறை நான் சும்மா இருக்கவில்லை. சட்டியைக் கவிழ்த்தேன்.

"பொறவு எதுக்குல அதப் பத்தி அவ்வளவு பெருமை பேசுன?" என்றாள்.

பெரியப்பா இப்போது மூட்டை தூக்குவதில்லை. அதே கடையில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார்.