பெர்னவர் வீதி

பெர்லின் மாநகருக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் பிராண்டன்பர்க் வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கவிகையில் ஏறி இறங்கி, வண்ணச் சித்திரங்கள் தீட்டிய சுவர்த்துண்டு ஒன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், வல்லரசுகளின் வழக்கு சாதாரணக் குடும்பங்களின் வாயிற்படிக்கே வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை அறிய விரும்புவோர் அரைநாளை ஒதுக்கிக்கொண்டு பெர்னவர் வீதிக்குச் செல்லவேண்டும்.

நோர்ட்பான்ஹோஃப் என்னும் நிலத்தடி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அந்த நிலையமே ஒரு காட்சிதான். நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் மேற்குப் பகுதியின் ரயில் கிழக்குப் பகுதியின் அடியில் சிறிது தூரம் ஓடவேண்டியிருந்தது. அங்கிருந்த நிலையங்களில் வண்டி நிற்காது. மங்கிய விளக்கொளியில் காவலர்கள் மட்டும் நின்றுகொண்டிருப்பார்களாம். அவற்றைப் பேய் நிலையங்கள் என்று நகரத்து மக்கள் அழைத்தனர். இன்று வண்டி நின்று செல்கிறது. அந்நாளைய வரலாறும் அங்கே படங்களாக வைக்கப்பட்டிருக்கிறது.

1945இல் ஹிட்லரின் ஆட்சி வீழ்ந்தபின், வென்ற நான்கு வல்லரசுகளும் பெர்லினை நான்கு பகுதிகளாகப் பங்கிட்டுக்கொண்டன. சோவியத் பகுதிக்கும் பிரெஞ்சுப் பகுதிக்கும் இடையிலான எல்லை இந்த வீதியின் வழியே சென்றது. அதிலும் ஒரு விந்தை. தென்புறத்து வீடுகள் சோவியத் பகுதியைச் சேர்ந்தவை. அவ்வீடுகளின் முன்னுள்ள நடைபாதையோ பிரெஞ்சுப் பகுதியைச் சேர்ந்தது. ஆகவே, தெருக்கதவைத் திறந்து ஓர் அடி எடுத்து வைத்தவர் வேறோர் ஆட்சிக்குள் வந்துவிட்டார். தொடக்கத்தில் இதனை யாரும் பெரிதாகக் கருதவில்லை. கடைக்குப் போவதும், உறவினர் வீட்டில் காப்பி அருந்துவதும், ஞாயிறன்று தேவாலயத்திற்குச் செல்வதும் வழக்கம்போல் நடந்தன.

1949இல் ஜெர்மனி இரு நாடுகளாயிற்று. அது முதல் 1961 வரை கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள் சுமார் 27 லட்சம் பேர். மருத்துவர், பொறியாளர், இளந்தொழிலாளர் என உழைக்கும் கைகளெல்லாம் போய்க்கொண்டிருந்தால் எந்த அரசுதான் நிலைக்கும்? மக்கள் தங்கியிருக்க விரும்பும்படி ஆட்சியைத் திருத்துவது ஒரு வழி. வாயிலை அடைப்பது மற்றொரு வழி. கிழக்கு ஜெர்மன் அரசு இரண்டாவதைத் தேர்ந்தது. 1961 ஆகஸ்ட் 13ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஊர் உறங்கும் வேளையில் முள்வேலி இறங்கியது. பின்னர்ச் சுவர் எழுந்தது. மேற்கு பெர்லினைச் சுற்றி அதன் நீளம் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். பாசிசத்திலிருந்து காக்கும் அரண் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள்! காவலர்களின் துப்பாக்கிகள் மட்டும் உள்ளேயிருந்து வெளியேற முயன்ற சொந்த மக்களை நோக்கியே இருந்தன.

பெர்னவர் வீதியில் தெருக்கதவுகளை ஆணியடித்து மூடினர். கீழ்த்தளத்துச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். மக்கள் மேல்மாடிச் சன்னல்களிலிருந்து கயிறு கட்டி இறங்கினர், சிலர் குதித்தனர். கீழே மேற்குப் பகுதியின் தீயணைப்புப் படையினர் துணி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றனர். ஆகஸ்ட் 22ஆம் நாள் காலை, ஈடா ஸீக்மன் என்னும் பெண்மணி தம் படுக்கைகளைச் சன்னல் வழியே வீசியெறிந்துவிட்டு, துணி விரிக்கப்படும் முன்னரே மூன்றாம் மாடியிலிருந்து குதித்துவிட்டார். மருத்துவமனை செல்லும் வழியில் உயிர் பிரிந்தது. மறுநாள் அவருக்கு 59ஆம் பிறந்தநாள். உடன்பிறந்த சகோதரி வசித்த வீடு, மேற்கே சில தெருக்கள் தள்ளி நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது.

செப்டம்பர் மாதத்தில் 77 வயது மூதாட்டி ஒருவர் சன்னல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்க, மேலிருந்து காவலர்கள் அவரைக் கையைப் பற்றி இழுக்க, கீழிருந்து இளைஞர்கள் காலைப் பற்றி இழுத்த காட்சியைப் புகைப்படமாக இன்றும் காணலாம். கீழேயிருந்தவர்களே வென்றார்கள். அதன்பின் அரசு அவ்வீதிவாசிகளை வெளியேற்றி, காலப்போக்கில் வீடுகளையும் இடித்துவிட்டது. பிரிந்த குடும்பங்களில் மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்கே சென்று உறவினரைக் காண முதல் அனுமதி 1963ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாட்களில்தான் கிடைத்தது. இரண்டே கால் ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்கள், அந்தச் சில நாட்களில் சுமார் 12 லட்சம் முறை எல்லையைக் கடந்தனர். விடுமுறைக்கு விடுமுறை ஊர் செல்லும் நம் போன்ற குடும்பத்தினருக்கு அந்த எண்ணின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

மேலே வழியில்லையென்றால் கீழே உண்டு அல்லவா? மேற்குப் பகுதி மாணவர்கள், 97ஆம் எண் வீட்டில் மூடிக்கிடந்த ரொட்டிக்கடையின் நிலவறையிலிருந்து சுமார் 145 மீட்டர் தூரம் சுரங்கம் தோண்டினர். அது கிழக்கே ஸ்ட்ரேலிட்ஸர் வீதி 55ஆம் எண் வீட்டின் கொல்லைப்புறத்துக் கழிப்பறையில் முடிந்தது. வருவோர் சொல்லவேண்டிய அடையாளச் சொல் டோக்கியோ. 1964 அக்டோபரில் இரண்டு இரவுகளில் 57 பேர் தவழ்ந்து தப்பினர். தோண்டியவர்களில் ஒருவரான ரைன்ஹார்ட் ஃபுர்ரர் 1985இல் விண்வெளிக்கே சென்று வந்தார் என்பது ஒரு சுவையான செய்தி.

ஆனால் அவ்விரண்டாம் இரவில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. ஏகோன் ஷுல்ட்ஸ் என்னும் 21 வயதுக் கிழக்கு ஜெர்மன் படைவீரர் மாண்டார். தப்பிக்க உதவியவர்களே கொலைகாரர்கள் என்று அரசு முழங்கியது. அவர் பெயரைப் பள்ளிகளுக்கு இட்டது. அந்த ஸ்ட்ரேலிட்ஸர் வீதிக்கே இட்டது. நாடு ஒன்றான பின்னர் ஆவணங்கள் வெளிவந்தன. அவரைக் கொன்ற குண்டு இருளில் தவறிச் சுட்ட சக வீரர் ஒருவரின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதும், அரசின் இரகசியப் போலீசார் அதனை அன்றே அறிந்திருந்தனர் என்பதும் தெளிவாயின. அந்தப் பொய்யில் இறந்தவருக்கும் நீதியில்லை. கொலைப்பழியைச் சுமந்து வாழ்ந்த இளைஞர்களுக்கும் நீதியில்லை. சுவரைவிட இதுவே எனக்குக் கொடியதாகத் தோன்றுகிறது. 1991இல் வீதிக்குப் பழைய பெயர் திரும்பிவிட்டது. 55ஆம் எண் வீட்டில் உள்ள பலகை இப்போது உண்மையைக் கூறுகிறது.

1989 நவம்பர் 9ஆம் நாள் இரவு எல்லை திறந்தது. மறுநாள் நள்ளிரவில் இவ்வீதியின் கிழக்குக் கோடியில் சுவர்ப்பலகைகளைப் பெயர்த்து வழி செய்தார்கள். 1990 ஜூனில் சுவரை முறையாக இடிக்கும் வேலையும் இங்கேதான் தொடங்கிற்று. சுவர் அடியோடு மறையவேண்டும் என்றனர் பலர். ஒரு பகுதியேனும் நிற்கவேண்டும் என்றனர் சிலர். சிலரின் சொல் நின்றதால், முன்சுவர், காவற்கோபுரம், காலடித்தடம் தெரிவதற்காக மணல் பரப்பிய வெளி, பின்சுவர் ஆகியவற்றை எதிரிலுள்ள பார்வை மேடையிலிருந்து காண்கிறோம். சுவர் போன இடங்களில் துருவேறிய இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடையே குழந்தைகள் புகுந்து ஓடுகின்றனர். பெர்லின் சுவரில் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர். அவர்களின் முகங்கள் ஒரு நீண்ட சட்டத்தின் சிறு மாடங்களில் அமைந்திருக்கின்றன. அதில் சிறுவர்களும் உண்டு.

சற்றுத் தள்ளி, 1894இல் எழுந்த ஒப்புரவுத் தேவாலயம் இருந்தது. சுவரின் இடைவெளியில் அகப்பட்டு, தொழுவோர் அணுக முடியாமல் பல்லாண்டு கிடந்த அதனை, 1985 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தனர். அதே இடத்தில் 2000ஆம் ஆண்டில் சிறு வழிபாட்டிடம் ஒன்று எழுந்தது. கான்கிரீட்டைக் கண்டு சலித்த ஊர் என்பதாலோ என்னவோ, அதற்கு மண்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கைவைத்துப் பார்த்தால் நம் கிராமத்து வீட்டுச் சுவரின் குளிர்ச்சி. பழைய ஆலயத்தின் உடைந்த செங்கற்களை அந்த மண்ணோடு கலந்து இடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வெளியே, முன்பு காவலர்கள் ரோந்து சுற்றிய நிலத்தில், கம்பு போன்ற ரை என்னும் தானியத்தைப் பயிரிட்டிருக்கிறார்கள். நான் சென்றபோது கதிர் முற்றி அறுவடைக்குக் காத்திருந்தது.