இடக்கரடக்கலும் நீர்த்தொட்டியும்

அவையிற் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லாற் கூறுதலை இடக்கரடக்கல் என்பர் இலக்கண நூலார். 'கால் கழுவி வந்தான்' என்பது அதற்கு யாவரும் காட்டும் உதாரணம். இலக்கணம் பயிலும் யான் அச்சொல் மறைக்கும் இடத்தைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தேன். ஆண்டுள்ள நீர்த்தொட்டி செய்யும் தொழிலும் ஒருவகை இடக்கரடக்கலே. மறைக்க வேண்டியதை அது நீரால் மறைக்கின்றது.

சென்ற கோடையில், எம் விடுதித் தொட்டியொன்றைச் செப்பனிட வந்த பெரியவர் அதன் மூடியை அகற்றியபோது உடனின்று நோக்கினேன். உள்ளே மின்விசையும் இல்லை, சக்கரமும் இல்லை. நீர்மேல் ஒரு மிதவை கிடந்தது. நீர் ஏற ஏற அம்மிதவையும் ஏறி, உரிய அளவு வந்ததும் நீர்வரும் குழாயின் வாயை அடைத்துவிடுகின்றது. அடியிலுள்ள துளையை ஒரு ரப்பர் மூடி காக்கின்றது. கைப்பிடியை அழுத்தினால் ஒரு சங்கிலி அம்மூடியைத் தூக்கும். மிதக்கும் இயல்புடைமையின், நாம் கையெடுத்த பின்னும் அது உடனே விழாது, நீர் வடிந்த பின்னரே தன்னிடத்தில் அமரும். மிதவை தாழ்ந்தமையால் குழாய் மீண்டும் திறந்து தொட்டியை நிரப்பும். சிறுகச் சிறுகச் சேர்ந்த நீர் சில நொடிகளில் ஒருங்கே பாய்வதே இதன் வலிமை.

பாய்ந்த நீரிற் சிறிதளவு பீங்கானின் கீழுள்ள வளைகுழாயில் தங்கி, சாக்கடை நாற்றம் மேலேறாமல் தடுக்கின்றது. இத்தகைய வளைவு அமைந்த கழிகலத்திற்கு 1775-இல் காப்புரிமை பெற்றவர், லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர்.

பிரித்தானியத் தொட்டிகளில் நெடுங்காலம் அடிமூடி இல்லை. நீர்மட்டத்திற்கு மேலெழுந்து வளைந்து இறங்கும் 'சைபன்' குழாயே நீரை ஈர்த்து வெளியேற்றிற்று. தேய்ந்துபோக அடியில் மூடியே இன்மையின், ஆண்டு மறைவான கசிவுக்கு இடமில்லை. 2001 முதலே மூடியுள்ள தொட்டிகட்கும் அங்கு அனுமதி கிடைத்தது.

எம் தொட்டியின் பழுதும் அம்மூடியின் ஓரத்திலேயே இருந்தது. பெரியவர் தொட்டி நீரிற் சில துளி சொட்டு நீலம் கலந்து, எவரையும் கைப்பிடியைத் தொடவிடாது அரைமணி நேரம் காத்திருந்தார். பீங்கானில் நீலம் தோன்றிற்று. "சத்தமில்லாத் திருட்டு, தம்பி" என்றார். தண்ணீர் லாரியை எதிர்நோக்கி யாங்கள் வாளியுடன் நின்ற நாட்களிலெல்லாம், எம் நீர் ஓசையின்றி ஒழுகிக்கொண்டிருந்தது!

அவர் கைகளை நோக்கி நின்றபோது வேறொன்றும் எண்ணத்தில் எழுந்தது. சொல்லில் இடக்கரடக்கல் போற்றிய நம் நாட்டில், செயலில் அம்மறைவு நெடுங்காலம் மனிதர் கைகளாலேயே நிகழ்ந்தது. பிறப்பின் பேரால் ஒரு சாரார்மீது சுமத்தப்பட்ட அத்தொழிலை 1993-லும், பின்னர் இன்னும் விரிவாக 2013-லும் சட்டம் விலக்கிற்று. ஆயினும் கழிவுக்குழியில் இறங்கி உயிர் நீப்போர் இன்றும் உளர். தொட்டி நம் கண்ணினின்று அகற்றியதைக் குழாயின் மறுமுனையில் எதிர்கொள்பவர் யார் என நாம் வினவுதல் வேண்டும். நண்பர்காள், இலக்கணம் சொல்லையே மறைக்கச் சொன்னது. மனிதரை மறைக்கச் சொல்லவில்லை.