எழுதிய விதியும் எழுதாத விதியும்

விருந்தினர் வேறு, வாடகைக்குத் தங்குவோர் வேறு என்னும் பாகுபாடு எமது பாட்டன்மார் காலத்தில் தெளிவாக இருந்தது. விருந்தினர் வீட்டுக்கு வந்தனர். வழிப்போக்கர் மடத்துக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் அமைத்தோர், நடந்து களைத்தவனுக்கு நிழலும் நீரும் வேண்டும் என்று கருதியே அவற்றை அமைத்தனர். வசதியுள்ள வீடுகளின் வாயிலிலே சங்கடப்படலை இருந்தது. அதன் கூரையின் கீழ் அமர்ந்து இளைப்பாறிச் செல்வோர் வீட்டாரை அழைக்க வேண்டியதுமில்லை. செல்வச்சந்நிதியில் அன்னதான மடங்கள் இன்றும் அடியாருக்கு உணவளித்து வருகின்றன. காசு கொடுத்துத் தங்குவோருக்கென ஆங்கிலேயர் காலத்தில் வாடிவீடுகள் இருந்தன. அங்கே கட்டண விபரமும் விதிகளும் சுவரிலே தொங்கின. ஆயின், விருந்தினர் வரும் வீட்டில் எவரும் விதி எழுதித் தொங்கவிட்டதில்லை.

இன்று இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. 2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 இல் மீண்டும் வந்தது. 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறந்தது. பிறநாடுகளில் வாழும் எம்மவர் ஆண்டுதோறும் குடும்பமாக வருகின்றனர்; தென்னிலங்கையரும் ஐரோப்பியரும் வருகின்றனர். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாக் காலத்திலோ, ஊரில் வெறும் அறை ஒன்றைக் காண்பது அரிது. பிள்ளைகள் கடல் கடந்து போனபின் பூட்டிக் கிடந்த அறைகளை வெள்ளையடித்து, நுளம்புவலை கட்டி, நாள் வாடகைக்கு விடுவோர் பலர். தனித்திருக்கும் மூதாட்டி ஒருவருக்கு இது கௌரவமான வருவாய். இதில் இழுக்கு எதுவும் இல்லை.

இழுக்கில்லை எனினும் இடர் உண்டு. தங்க வருபவர் காசு கொடுக்கின்றார். ஆகவே விருந்தினர் அல்லர். எமது குசினிக்கு அருகில் உறங்குகின்றார். ஆகவே முற்றும் அந்நியரும் அல்லர். இத்தகையோருக்கு வீட்டு விதி எழுதி வைக்கலாமா என்பதே வினா.

"வந்தவர் முகத்தெதிரே விதியை நீட்டுவது விருந்தோம்பலுக்கு ஒவ்வாது" என்பாரும் உளர். விருந்தினரின் மனம் எத்துணை மென்மையானது என்பதை உணர்த்துவதற்குத் திருவள்ளுவர் அனிச்சப் பூவை எடுத்துக்கொண்டதை அவர்கள் நினைவூட்டுவர். அஃது உண்மையே. ஆயின், பண்டை வீட்டில் விதி இல்லாமல் இருந்ததா? நிறைய இருந்தது. பாதணியை எங்கே கழற்றுவது, எந்த நேரத்தில் கிணற்றடிக்குப் போவது, சாமியறைக்குள் எப்போது நுழைவது என்பனவெல்லாம் விதிகளே. வந்தவரும் வீட்டாரும் ஒரே வழக்கத்தில் வளர்ந்தவர்களாதலின், அவற்றை வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. ரொறன்ரோவிலோ பாரிசிலோ பிறந்து வளர்ந்த இளைஞனுக்கு அவை எங்ஙனம் தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் எமது ஒழுங்கையில் ஒரு துக்க வீடு நிகழ்ந்தது. அதற்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்குத் தங்கியிருந்தோர் அன்றிரவு பிறந்தநாள் கொண்டாடிப் பாட்டு வைத்தனர். அயலவர் முகம் சுளித்தனரேயன்றி எவரும் சென்று சொல்லவில்லை. ஈற்றில் ஒருவர் போய்ச் சொன்னதும் அவர்கள் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினர். மறுநாட் காலையில் தாமே அவ்வீட்டுக்குச் சென்று துக்கமும் விசாரித்தனர். அறியாமை வேறு, ஆணவம் வேறு. சொல்லாத விதியை மீறியவர் மேல் வளர்வது மனக்கசப்பு ஒன்றே. ஆதலின், விதியை முன்கூட்டியே சொல்வது விருந்தோம்பலுக்கு முரணன்று. வாடும் முகத்தைக் காணாமற் காக்கும் வழியே அது.

நிற்க. விதி எப்படி இருக்க வேண்டும்? எமக்கு மாமி முறையான ஒருவர், பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில் இருக்க, தமது வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகின்றார். நல்லூருக்கு நடந்துபோகும் தூரம். அவர் ஓர் அட்டையில் 19 விதிகளை எழுதித் தலைவாசலில் தொங்கவிட்டிருந்தார். பத்தொன்பதும் "கூடாது" என்றே முடிந்தன. வாசிக்கத் தொடங்குவோர் நாலாவது வரியிலேயே கண்ணை எடுத்துவிடுவர். 2024 ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முன்னர், அதனைத் திருத்தித் தருமாறு எம்மைக் கேட்டார்.

நாம் ஒரேயொரு வினாவையே ஒவ்வொரு விதியிடமும் கேட்டோம்: "நீ எதற்காக?" விடை சொல்ல முடியாத விதிகளை நீக்கினோம். விடை சொன்னவற்றை அவ்விடையோடு சேர்த்து எழுதினோம். எஞ்சியவை ஏழு.

பாதணிகளை விறாந்தைப் படியிலே கழற்றி வைக்க வேண்டும். உள்ளே சாமியறை இருக்கிறது. இது முதலாவது. பதிவு செய்த தொகைக்கு மேற்பட்டோர் இரவில் தங்கலாகாது என்பது இரண்டாவது. நால்வர் என்று பதிந்துவிட்டு ஒன்பதின்மர் வந்திறங்கிய கதை எமது ஊரில் புதிதன்று. வீட்டின் மலசலகூடமும் நீர்த்தாங்கியும் ஓர் அளவுக்கே கட்டப்பட்டவை.

மூன்றாவது விதி தண்ணீரைப் பற்றியது. ஏழனுள்ளும் தலையாயது அதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் இறங்கித் தங்குகிறது. அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும், கிணறு உப்பாகும். நல்லூர்த் திருவிழாவோ மழையில்லாத ஆடி, ஆவணி மாதங்களில் வருவது. "தண்ணீரை வீணாக்காதீர்" என்று மட்டும் எழுதினால், பனி உறையும் நாட்டிலிருந்து வந்தவர் அதனைக் கஞ்சத்தனம் என்றே எண்ணுவர். "இவ்வூருக்கு ஆறு இல்லை, இக்கிணறே ஆறு" என்று எழுதினோம். அதன்பின் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவோரைக் காணவில்லை என்றார் மாமி. சிறுவர் சிலர் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும் என்று தாயாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். அதற்காகவே நாலாவது விதி: சிறுவரைக் கிணற்றடியில் தனியே விடலாகாது, கட்டு உயரம் குறைந்தது.

வளவுக்குள் மச்சமும் மதுவும் வேண்டாம் என்பது ஐந்தாவது. இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. வளவுக்கு வெளியே ஒருவர் எதை உண்டார், எதைக் குடித்தார் என்பது வீட்டாரின் விசாரணைக்கு உரியதன்று. விதியின் எல்லை மதிலோடு முடிகிறது. இரவு பத்து மணிக்குப்பின் அயலாருக்குக் கேட்கும் ஓசை வேண்டாம் என்பது ஆறாவது. வெளியே போகும்போது மின்விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்துக என்பது ஏழாவது.

இவ்வேழையும் காசு வாங்கும் முன்னரே தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னோம். முற்பணம் கொடுத்து, நெடுந்தூரம் பயணஞ் செய்து, பெட்டி படுக்கையை இறக்கி வைத்தவனுக்கு "இங்கே மச்சம் ஆகாது" என்று சொல்வது விதியன்று, பொறி. முன்னரே அறிந்தால் அவன் வேறு வீடு தேடிக்கொள்வான்; இருவருக்கும் நட்டமில்லை. வீட்டாரையும் கட்டுப்படுத்தாத விதி நீதியாகாது. தங்குவோரின் அறைக்குள் தட்டாமல் நுழைவதில்லை, அவர்களின் பெட்டிகளைத் தொடுவதில்லை, சொன்ன வாடகைக்கு மேல் ஒரு சதமும் கேட்பதில்லை, படலையில் பொருத்திய கண்காணிப்புக் கமராவை அறைப்பக்கம் திருப்புவதில்லை என்று அட்டையின் மறுபுறத்தில் மாமியின் கடமைகளையும் எழுதினோம். "இது எனக்கோ தம்பி?" என்று சிரித்துக்கொண்டே அவர் அதையும் தொங்கவிட்டார். அறைத் திறப்பைக் கையில் வாங்குபவர் அவ்வளவு நாட்களுக்கு அந்த அறையின் சொந்தக்காரர் என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

இனி, எழுதாத விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

அவ்வாண்டு தேருக்கு முதல் வாரம் மாமியின் விறாந்தையில் இருந்தோம். தொலைபேசி ஒலித்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் பேசினார். தேரும் தீர்த்தமும் பார்க்கத் தாய் தந்தையரையும் இரு சிறு பிள்ளைகளையும் அழைத்து வருவதாகவும், இரண்டு அறைகளும் வேண்டும் என்றும் கேட்டார். மாமியின் குரல் இனிதாகவே இருந்தது.

"அம்மாவைக்கு எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். விடை வந்தது. "அங்கை எந்தப் பக்கம்? கோயிலடியோ, அங்காலையோ?" அதற்கும் விடை வந்தது. மாமி ஒரு கணம் பேசாதிருந்தார். பின்னர், "ஐயோ பிள்ளை, அறை ரெண்டையும் ஆக்கள் எடுத்திட்டினம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

"அறை ரெண்டும் சும்மாதானே கிடக்குது, மாமி?" என்றோம்.

"எல்லாரையும் வீட்டுக்கை எடுக்கேலுமே, தம்பி? சாமியறை இருக்கிற வீடு."

"உங்கட அட்டையிலை ஏழு விதி கிடக்கு. அதிலை எதை அந்தப் பிள்ளை மீறினவ?"

மாமி விடை சொல்லவில்லை. தேரும் தீர்த்தமும் முடியும்வரை அறைகள் இரண்டும் வெறுமையாகவே கிடந்தன.

யாழ்ப்பாணத்தில் "எந்த ஊர், எந்தப் பக்கம்" என்று தொடுக்கப்படும் வினாக்கள் எதை அறிவதற்காக என்பதை இதனை வாசிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடைகளில் சமமாக அமர்வதற்கும், ஆலயங்களுள் நுழைவதற்கும் எமது மண்ணில் மக்கள் போராட வேண்டியிருந்தது. 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவின் முன் அடியார்கள் காத்து நின்றனர். சட்டம் சாதியைத் தட்டியில் எழுதுவதைத் தடுத்தது. ஆதலின் அது எழுதாத விதியாகித் தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. சாதி மட்டுமன்று. தனியே வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்பாரும், இன்ன மதத்தவர் என்றால் "யோசித்துச் சொல்கிறோம்" என்பாரும் இருக்கின்றனர். இவையும் அட்டையில் ஏறுவதில்லை.

எழுதிய விதிக்கும் எழுதாத விதிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. எழுதிய விதி, ஒருவர் வீட்டில் என்ன செய்கின்றார் என்பதைப் பற்றியது. அதனைக் கைக்கொள்ள எவராலும் இயலும். பாதணியைக் கழற்றலாம், குழாயை மூடலாம், குரலைத் தாழ்த்தலாம். எழுதாத விதியோ, வருபவர் யார் என்பதைப் பற்றியது. அதனைக் கைக்கொள்ள எவராலும் இயலாது. பிறப்பை விறாந்தைப் படியிலே கழற்றி வைக்க முடியுமா? மனிதரால் கைக்கொள்ள இயலாத ஒன்றை விதி என்று அழைப்பது தமிழுக்கே இழுக்கு. அதன் பெயர் அவமதிப்பு.

இன்னுமொன்றும் உண்டு. அந்தப் பெண்ணின் பெற்றோர் இவ்வூரிலே பிறந்தவர்கள். வீடு இழந்தோ விற்றோ போனபின், சொந்த ஊருக்கு வாடகைக்காரராக வருகின்றனர். கையில் காசும் இருக்கிறது. கந்தனைக் காணும் ஆவலும் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு அஞ்சி ஊரைவிட்டு ஒதுங்கி நடந்தார்களோ, அதே கேள்வி நாற்பது ஆண்டுகளின்பின் அவர்களின் மகளிடம் கேட்கப்படுகிறது. அருகே நிற்கும் சிறு பிள்ளைகள் "ஏன் அம்மா, அறை இல்லையாம்?" என்று கேட்டால் தாய் என்ன சொல்வாள்? எமது பண்பாட்டைக் காண அழைத்து வந்த பிள்ளைகளுக்கு எமது பண்பாட்டில் எப்பக்கத்தை முதலிலே காட்டுவாள்?

எவரிடமும் எதையும் கேட்கலாகாது என்பது எமது கருத்தன்று. அந்நியரை வீட்டுக்குள் எடுப்பவர் எச்சரிக்கையாக இருக்கத்தான் வேண்டும். பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, தங்கும் நாட்கள், பேர்த்தொகை ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து வைக்கலாம். வருபவர் எல்லாரிடமும் ஒரேவிதமாகக் கேட்கப்படும் வினா எவரையும் புண்படுத்தாது. ஒரு வினாவை எல்லாரிடமும் கேட்கத் துணியாவிட்டால், அதனை எவரிடமும் கேளாதிருப்பதே முறை.

2025 ஆம் ஆண்டுத் திருவிழாவின்போதும் மாமி அறைகளை வாடகைக்கு விட்டார். தொலைபேசியில் அவர் கேட்டவை நான்கு: எத்தனை பேர், எத்தனை நாள், சைவச் சாப்பாடு சரிவருமா, சிறு பிள்ளைகள் உண்டா. மனம் மாறிற்றோ, வெறும் அறைகளைக் கண்டு கணக்குப் பார்த்தாரோ, நாம் ஆராயவில்லை. வந்து தங்கியோர் எந்த ஊரார் என்பது எமக்குத் தெரியாது, மாமியும் கேட்கவில்லை.

வீட்டை வாடகைக்கு விடும் அன்பர்கள் தமது விதிகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நன்று. அட்டையில் இருப்பவற்றைக் குறைக்கலாம், காரணம் சேர்க்கலாம், இனிய சொல்லில் மாற்றலாம்; அவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. பின்னர், அட்டையில் இல்லாத விதி ஏதும் மனத்தில் இருக்கிறதா என்று தேடுக. இருந்தால், அதனை அட்டையில் எழுதித் தலைவாசலில் தொங்கவிடக் கை கூசுகிறதா என்று பார்க்க. கை கூசும் விதியை மனத்திலிருந்தும் அழித்துவிடுவதே தக்கது.