25-வது பிரவுனி



இங்கே லண்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கடைக்கணக்குப் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வைப் போன்ற ஜிசிஎஸ்இ-யில் 'பிசினஸ்' ஒரு விருப்பப் பாடம். எத்தனை உருப்படி விற்றால் போட்ட முதல் தேறும், எதற்கு மேல் லாபம் என்று கணக்குப் போட அவர்களுக்குத் தெரிய வேண்டும். வரைபடத்தைப் பார்த்தும் சொல்லத் தெரிய வேண்டும். யங் என்டர்பிரைஸ் என்ற தொண்டு நிறுவனம் 10 பவுண்டு முதலில் வியாபாரம் செய்யச் சொல்லி 'டென்னர் சேலஞ்ச்' என்றொரு போட்டியே வைத்திருக்கிறது.

எங்கள் தெருச் சிறுமிகள் இருவர் பள்ளிச் சந்தையில் பிரவுனி விற்றார்கள். மேசை வாடகை 12 பவுண்டு, சுவரொட்டி 3. ஒன்று விற்றாலும் நூறு விற்றாலும் இந்தப் 15 மாறாது. ஒரு பிரவுனிக்கு மாவு, வெண்ணெய், சாக்லேட் என்று 40 பென்ஸ் ஆகிறது. விலை 1 பவுண்டு. ஒவ்வொன்றும் 60 பென்ஸைக் கொண்டுவந்து அந்தப் 15 பவுண்டுக் குழியில் கொட்டுகிறது. 25-வது பிரவுனியோடு குழி நிரம்பிவிடும்.

"80 பென்ஸ்னு வச்சா நிறையப் பேர் வாங்குவாங்கல்ல, அங்கிள்?"

போட்டுப் பார்க்கச் சொன்னேன். 37.5 வந்தது. அரைப் பிரவுனி விற்க முடியாதே, 38. விலையில் குறைத்தது ஐந்தில் ஒரு பங்குதான். விற்க வேண்டியதோ பாதிக்கு மேல் கூடிவிட்டது. தள்ளுபடிப் பலகை மாட்டும் பெரியவர்கள் பலருக்கே இது உறைப்பதில்லை.

பாடநூல் சொல்லாமல் ஒன்றை நம்பிக்கொள்கிறது: செய்ததெல்லாம் விற்றுவிடும் என்று. சிறுமிகள் முதல் நாளே 40 பிரவுனி சுட்டு வைத்திருந்தார்கள். சுட்ட பிறகு அதற்கான 16 பவுண்டும் போனதுதானே? 15-ஐயும் சேர்த்தால் 31. மழை வந்து சந்தை கலைந்தால் 25 விற்றும் கையைக் கடிக்கும். 31 விற்றாக வேண்டும். உணவுக்கடை வைத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிறுமிகளின் கணக்கு நோட்டில் கூலி என்றொரு வரியே இல்லை. 16, 17 வயதினருக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டு ஆனது. இவர்களுக்கு வயது 15, அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் ஆளுக்கு 4 மணி நேரம் வைத்துப் பார்த்தோம்: 60.40 பவுண்டு. இப்போது முதல் தேற 126 பிரவுனி விற்க வேண்டும்! அம்மாவின் அடுப்பையும் மின்சாரத்தையும் இன்னும் தொடவே இல்லை.

லண்டனில் எனக்குத் தெரிந்த நம்மவர் மூலைக்கடைகள் சிலவற்றின் கணக்கிலும் இந்தக் கூலி வரி கிடையாது. விடியலில் பத்திரிகைக் கட்டுப் பிரிப்பவர் முதலாளி, கல்லாவில் மனைவி, பள்ளிவிட்டு வந்து அலமாரி அடுக்குவது பிள்ளை. ஆண்டு முடிவில் லாபம் என்று எழுதுவதில் பெரும்பங்கு, யாருக்கும் கொடுக்காத சம்பளம். தேர்வில் இதற்கும் ஒரு கேள்வி வைக்கலாம் என்பது என் கட்சி.

சிறுமிகள் 40-ஐயும் விற்று, 9 பவுண்டு லாபம் என்று எழுதியிருந்தார்கள். அதை எட்டு மணி நேரத்தால் வகுத்ததும் முகம் சுளித்தார்கள். அடுத்த சந்தையில் விலை ஒன்றரைப் பவுண்டாம். 14 விற்றால் போதும் என்று என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள். கூலி வரியை மட்டும் இந்த முறையும் விட்டுவிட்டார்கள்.