பின்வாசல் திறந்த வீடு

பங்குத் தந்தையை எதற்கெல்லாம் அழைப்பார்கள் என்பதற்கு ஓர் எல்லை இல்லை. நோயாளியைச் சந்திக்க அழைப்பார்கள். பெண் பார்க்கப் போகுமுன் குடும்பம் எப்படிப்பட்டது என்று கேட்டறிய வருவார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு நடுவராக இருக்கச் சொல்வார்கள். வீடு வாங்கப் போகும்போது உடன் வருமாறு கேட்போரும் உண்டு. நிலத்தைப் பற்றியோ கட்டடத்தைப் பற்றியோ குருமடத்தில் எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. எனினும், "சாமி ஒரு முறை வந்து பார்த்துவிட்டால் எங்களுக்குத் திருப்தி" என்று சொல்பவர்களிடம் மறுப்பதெப்படி? அவ்வாறு சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தோடு சென்று, அவர்களுக்கு நான் கூறிய தவறான யோசனையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அந்த அன்பர் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே வாழ்ந்தவர். ஓய்வு பெற்றபின் சில மாதங்களுக்குள் அந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கையில் சேமநல நிதியும் பணிக்கொடையும் இருந்தன. துணைவியாரின் நகைகளும் இருந்தன. அவர்களுக்கு ஒரே மகன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் மனவளர்ச்சி ஏழு வயதுப் பிள்ளையினுடையது. எவருக்கும் தீங்கு நினையாதவன். காலையில் பால் வாங்குமிடத்தில் போய் நிற்பான். இஸ்திரி போடுபவரின் வண்டிக்கு அருகில் அமர்ந்து கரி எடுத்துக் கொடுப்பான். எப்போதேனும் வழி தவறித் தொலைவு சென்றுவிட்டால், யாரேனும் ஒருவர் அவன் கையைப் பிடித்து வீட்டிற்கு அழைத்து வந்துவிடுவார். முப்பது ஆண்டுகளாக அப்படியே நடந்து வந்ததால், அதை ஒரு பாக்கியம் என்று பெற்றோர் எண்ணியதே இல்லை. நானும் எண்ணவில்லை.

முதலில் பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர் செல்லும் சாலையில் ஒரு புதிய மனைப்பிரிவைப் பார்க்கச் சென்றோம். தரகர் தம் காரிலேயே அழைத்துச் சென்றார். வாயிலில் அழகிய வளைவு. சுற்றிலும் ஆளுயரத்திற்கு மேல் மதில். உள்ளே அகன்ற சாலைகள். இருபுறமும் அப்போதுதான் நட்ட மரக்கன்றுகள். அங்கீகார எண், ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற பதிவு எண் யாவும் பலகையில் பளிச்சென எழுதப்பட்டிருந்தன. மனைப்பிரிவின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். பெரிய மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவிற்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்க வேண்டும் என்பதும், மற்றொரு பத்தில் ஒரு பங்கைப் பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கான சிறு மனைகளாகப் பிரிக்க வேண்டும் என்பதும் தமிழ்நாட்டு விதிகள். வரைபடத்தின் ஒரு கோடியில் அத்தகைய சிறு மனைகள் வரிசையாகக் காணப்பட்டன.

"இவை ஏழைகளுக்கு உரியவை அல்லவா?" என்று கேட்டேன்.

தரகர் சிரித்தார். "காகிதத்தில் அப்படித்தான் சாமி. கவலை வேண்டா. ஒருவரே இரண்டு மூன்று மனையாக வாங்கிச் சேர்த்துக்கொள்வார். கண்டவர்கள் இங்கே வரமாட்டார்கள்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாளின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "இங்கே என் பிள்ளையை யாரும் கேலி செய்யமாட்டார்கள்" என்று என்னிடம் மெல்லக் கூறினார்.

அடுத்த வாரம் முகப்பேரில் ஒரு பழைய வீட்டைப் பார்த்தோம். அப்பகுதியின் வரலாறு இளைய தலைமுறையினர் பலருக்குத் தெரிந்திராது. 1977ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியுடன் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், அதனைத் தொடர்ந்து மதுரவாயல், முகப்பேர் முதலிய இடங்களிலும் வீட்டு வசதி வாரியம் மனைப்பிரிவுகளை அமைத்தது. கட்டி முடித்த வீட்டைக் கொடுப்பதன்று அதன் நோக்கம். சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் ஆகியவற்றோடு மனையைக் கொடுப்பது; மிக எளியோர்க்கு அதில் ஒரு கழிப்பறையும் சிறிது அடித்தளமும் கட்டிக் கொடுப்பது; மீதியை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது. ஒரு சென்ட் அளவேயான சிறு மனைகளும், நடுத்தர மனைகளும், வசதி படைத்தோர்க்கான பெரிய மனைகளும் ஒரே வரைபடத்தில் கலந்து அமைந்தன. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த ஆதாயத்தால் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். பல தரத்தாரும் அருகருகே வாழ்வது அங்கே தற்செயலாக நேர்ந்ததன்று. எண்ணிப் பார்த்துச் செய்தது.

நாங்கள் பார்த்த வீடு அரை கிரவுண்டு மனையில் இருந்தது. முன்புறம் நல்ல தெரு. உறுதியான கட்டடம், கிணறு உண்டு, ஒரு வேப்பமரமும் உண்டு. அம்மாளுக்கு வீடு மிகவும் பிடித்துவிட்டது. சமையலறையை அடுத்துச் சென்று பின்வாசல் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். வெளியே ஒரு குறுகிய சந்து. இருபுறமும் ஒரு சென்ட் வீடுகள், மாடிமேல் மாடியாக உயர்ந்து நின்றன. சுவரோரம் நீலநிறத் தண்ணீர்ப் பீப்பாய்களும் இரு சக்கர வண்டிகளும் இருந்தன. ஒரு வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை. எங்கோ ஒரு வானொலி உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு கண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் இட்டார்.

திரும்பும் வழியில் அன்பர் என் கருத்தைக் கேட்டார். நான் சற்றும் தயங்காமல், "வெளியூர் மனையே நல்லது. பிள்ளைக்கு அமைதி வேண்டும். இந்தச் சந்து உங்களுக்கு ஒத்துவராது" என்றேன். அம்மாள் தலையசைத்தார். அன்பர் மட்டும் பேசவில்லை.

அவர் பழைய பண்பாடு உடையவர். வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் சொல்லாமல், பத்திர நகல்களை நேரில் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும் என்றார். ஆகவே மறுபடியும் முகப்பேர் சென்றோம். இம்முறை மகனும் உடன் வந்தான். கூடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் சென்றிருக்கும். "பிள்ளை எங்கே?" என்று அம்மாள் எழுந்தார். முன்புறம் இல்லை, மாடியில் இல்லை. பின்வாசல் கதவு திறந்து கிடந்தது.

அந்தத் தாய் செருப்பின்றி ஓடியதை என்னால் மறக்க இயலாது. நாங்களும் பின்தொடர்ந்தோம். சந்தின் திருப்பத்திலேயே அவனைக் கண்டோம். இட்லிக் கடைத் திண்ணையில், ஒரு பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அருகில் ஒரு தட்டில் சுண்டல் இருந்தது. கடைக்கார அம்மாள் எங்களைக் கண்டதும் எழுந்து, "உங்கள் பிள்ளையா? பேர் கேட்டேன், சொன்னான். அப்பா பேர் கேட்டேன், அதையும் சொன்னான். வீடு மட்டும் சொல்லத் தெரியவில்லை. மெயின் ரோடு பக்கம் போய்விடக்கூடாதே என்று உட்காரவைத்தேன். யார் வீட்டுக்கு வந்தவர்கள் என்று விசாரிக்கப் பையனை அனுப்பியிருக்கிறேன்" என்றார். பின்னர், தாயின் நடுக்கத்தைக் கண்டு, "பயப்படாதீங்கம்மா. இந்தச் சந்தில் தெரியாத முகம் வந்தால் கேட்காமல் விடமாட்டோம்" என்றார்.

அங்கேயே நின்று அரைமணி நேரம் பேசினோம். அவருடைய தாயார் வீட்டு வேலை செய்தவர். அந்த மனை அவருக்கு ஒதுக்கப்பட்டபோது அதில் ஒரு கழிப்பறையும் ஒரு தண்ணீர்க் குழாயுமே இருந்தனவாம். ஓலை வேய்ந்து குடியேறினார்கள். மாதந்தோறும் தவணை கட்டினார்கள். மகள் காலத்தில் ஒரு தளம். பேரன் வேலைக்குச் சென்றபின் அதன்மேல் இன்னொன்று. "எங்கள் அம்மா பத்திரத்தை வாங்கி வந்த அன்று ராத்திரி தூங்கவே இல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும்போது அன்பர் என்னைப் பார்த்து, "சாமி, அந்த மதில் போட்ட இடத்தில் எத்தனை வீடுகளில் ஆள் இருந்தார்கள், எண்ணினீர்களா?" என்று கேட்டார். நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருந்தார். ஐந்து வீடுகள். ஏனைய மனைகள் எல்லாம் விலை ஏறும் வரை காத்திருப்போருடையவை. முட்செடி மண்டிக் கிடந்தவை. "அங்கே இவனைக் கேலி செய்ய ஆள் இல்லை. உண்மைதான். பெயரைக் கேட்கவும் ஆள் இல்லையே! நாங்கள் இருவரும் போனபின் இவன் பெயரைத் தெரிந்தவர்கள் நாலு பேர் வேண்டாமா?" என்றார்.

அன்றிரவு என் தவற்றை எண்ணிப் பார்த்தேன். பட்டா இருக்கிறதா, 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் தண்ணீர் புகுந்ததா, கிணற்று நீர் உப்பா என்றெல்லாம் கேட்ட நான், பின்வாசலில் இருந்தவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பளித்துவிட்டேன். நல்ல சமாரியன் உவமையை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! 'அமைதி' என்று நான் சொன்ன சொல்லுக்குள், 'நம்மைப் போன்றவர்கள் மட்டும்' என்பதே ஒளிந்திருந்தது. நமக்கு இது புதிதன்று. கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் நம்மிடையே உண்டல்லவா? இறந்தோரிடையே சுவர் எழுப்பத் துணிந்தவர்களுக்கு, உயிரோடிருப்போரிடையே மதில் எழுப்புவது பாதுகாப்பாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

இப்படிச் சொல்வதால், கலந்து வாழுமிடங்களில் குறையே இல்லை என்று கூறுகிறேன் என எண்ண வேண்டா. வண்டி நிறுத்தத் தகராறு உண்டு. திருவிழா நாள்களில் ஒலிபெருக்கி காதைத் துளைக்கும். இவற்றை நேரில் கண்டறிந்தே முடிவு செய்ய வேண்டும். பத்திரங்களிலும் கவனம் வேண்டும். வாரிய மனையாயின், முதலில் ஒதுக்கீடு பெற்றவர் தவணை முழுதும் செலுத்தி வாரியத்திடம் விற்பனைப் பத்திரம் பெற்றிருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள்; பெறாதவர்கள் உண்டு. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். காலையில் மட்டுமன்றி, இரவு எட்டு மணிக்கும் ஒரு மழைநாளிலும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

மற்றொன்றும் உண்டு. கலந்து வாழ்வதற்கென்று அமைக்கப்பட்ட இடங்கள் தாமாகவே அப்படி நிலைத்திருப்பதில்லை. கையில் பணமுள்ளவர் இரண்டு சிறு மனைகளை வாங்கி ஒன்றாக்குகிறார். அடுத்தவர் மூன்றை ஒன்றாக்குகிறார். வாடகைக்கிருந்தோர் இன்னும் தொலைவிற்குப் போகிறார்கள். எளியோருக்கென விட்ட பத்தில் ஒரு பங்கைப் புதிய மனைப்பிரிவில் யார் வாங்குகிறார்கள் என்பது விதியில் மட்டும் இல்லை. வாங்கச் செல்லும் நம் மனத்திலும் இருக்கிறது. அந்தத் தரகர் சிரித்தபோது நான் வாய் திறவாமல் இருந்தேனே, அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அவர்கள் முகப்பேர் வீட்டையே வாங்கினார்கள். வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். அறைகள்தோறும் தீர்த்தம் தெளித்து முடித்தபின், பின்வாசலையும் மந்திரிக்குமாறு அம்மாள் கேட்டுக்கொண்டார். அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்று கொத்தனார் ஒருவர் யோசனை சொன்னாராம், வேண்டாமென்று அனுப்பிவிட்டார்களாம். ஆயினும் அம்மாளின் அச்சம் முழுதும் நீங்கிவிடவில்லை. மகன் சந்தில் இருக்கும் நேரமெல்லாம் பத்து நிமிடத்திற்கொரு முறை எட்டிப் பார்க்கிறார். ஒருநாள் சில சிறுவர்கள் அவனைக் கேலி செய்ததும் உண்டாம். இட்லிக் கடை அம்மாள் அவர்களைக் காதைத் திருகிக் கண்டித்தாராம்.

தீர்த்தம் தெளிக்கப் பின்கதவைத் திறந்தபோது, அவன் அதே திண்ணையில் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் கையசைத்தான். ஆனால் எழுந்து வரவில்லை. உரிக்க வேண்டிய பூண்டு இன்னும் பாதி மீதி இருந்தது.

அன்பிற்குரிய குடும்பத்தாரே, வீடு பார்க்கப் போகும்போது, "இங்கே யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். கேட்பது தவறன்று. ஆனால் அதைத் தரகரிடம் கேட்காதீர்கள். பின்வாசலைத் திறந்துகொண்டு போய், அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள்.