லாமா ஏன் உமிழ்கின்றது?

பெரு தேசத்தின் பழம்பெரும் நகரமாகிய குஸ்கோ, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,400 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகின்றது. நகருக்கு மேலே, இன்கா மன்னர் காலத்துச் சக்சைவாமான் கற்கோட்டையைக் காணச் சென்றபோதுதான் லாமாக்களை நாம் முதன்முதலிற் சந்தித்தோம். லாமா ஆட்கள்மீது உமிழும் என்று முன்னரே படித்திருந்தோம். எனினும் அந்த நீண்ட கழுத்தையும் அகன்ற விழிகளையும் நிதானமான நடையையும் கண்டபின், இத்துணைச் சாதுவான பிராணியைப் பற்றி வீண் பழி கூறியிருக்கின்றார்களே என எண்ணினோம்.

அந்த எண்ணம் நெடுநேரம் நிலைக்கவில்லை. கோட்டைக்கு அப்பால், ஒரு குடியானவர் வீட்டு முற்றத்தில் இரண்டு லாமாக்கள் ஒரே புற்கட்டை நாடி நின்றன. படம் பிடிக்கும் ஆசையில் நமது நண்பர் இடையே புகுந்தார். ஒன்று காதுகளைப் பின்னே மடித்து மோவாயை உயர்த்தியது. மறுகணம் பச்சைக் குழம்பு போன்ற ஒன்று நண்பரின் தோளில் வந்து விழுந்தது. வாசக நேயர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாகையால் அதன் நாற்றத்தை விவரியாது விடுகின்றோம்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “அது உங்களுக்கென்று வந்ததன்று, ஐயா, மற்ற லாமாவுக்கு அனுப்பியது” என்று வழிகாட்டி மூலம் கூறினார்.

உண்மை அதுதான். லாமா, அல்பாக்கா, குவனாக்கோ, விக்கூனா ஆகிய நான்கும் ஒட்டகத்தின் உறவினங்கள். இவை பெரும்பாலும் தம்மினத்தின்மீதே உமிழ்கின்றன. தீனிக்குப் போட்டி வரும்போதும், மந்தையில் யார் பெரியவர் என்ற வழக்கு எழும்போதும் உமிழும். சினைப்பட்ட பெண், தன்னை நாடிவரும் ஆணை விரட்டுவதும் இவ்வாறே. வளர்ப்போர் இதைக்கொண்டே சினையை அறிவதுண்டு. எச்சரிக்கையாக முதலிற் காது மடியும். அடுத்து வாயிலுள்ள தீனியும் உமிழ்நீரும் பறக்கும். கோபம் முற்றினால், மூன்று அறைகள் கொண்ட வயிற்றிலிருந்து பாதி செரித்த புல்லே வெளிவரும். அதன் புளிப்பு உமிழ்ந்ததையும் வருத்துகின்றது. கீழுதடு தொங்க, தீனியைத் தொடாது சிறிது நேரம் நின்றுவிடும்.

“அப்படியாயின், வேண்டுமென்றே மனிதர்மீது உமிழும் லாமா இல்லையா?” என்று கேட்டோம்.

அவர் முகம் வாடியது. பின்புறத்தில் கற்சுவருக்குள் தனித்து நின்ற ஓர் இளம் ஆண் லாமாவைக் காட்டினார். தாய் இறந்த அக்குட்டியை அவருடைய மகன் போத்தலிற் பாலூட்டி, வீட்டினுள்ளே அணைத்து வளர்த்தானாம். மந்தையோடு பழகாத குட்டி, மனிதரையே தன் இனமென எண்ணிவிட்டது. பருவம் வந்ததும், ஓர் ஆண் லாமா மற்ற ஆணிடம் காட்டும் பகையை மனிதரிடம் காட்டத் தொடங்கியது. உமிழ்ந்தது, மார்பால் மோதியது, ஒருநாள் வளர்த்த பையனையே கீழே தள்ளி மிதித்தது. பாலை மட்டும் கொடுத்து, மற்ற நேரமெல்லாம் மந்தையோடு விட்டிருந்தால் இக்கதி நேர்ந்திராது. செல்லம் கொடுத்தவனிடத்தில் குற்றம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. நலமடித்துப் பார்ப்பதா, இறைச்சிக்கு விற்பதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை என்றார்.

நாம் விடைபெற்றபோது அந்தப் பையன் சுவருக்கு வெளியே நின்று, ஒரு பிடி புல்லை உள்ளே எறிந்தான். லாமா அருகே வந்து காதுகளைப் பின்னே மடித்தது. அவன் இரண்டடி விலகி நின்று, அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்பர் தம் தோளிலிருந்த கறையைப் பற்றி அதன்பின் ஒன்றும் பேசவில்லை.